மாத்திரை கொண்டுவரும் மகன்

கேள்வி: எனக்கு 41 வயது. நான்கு ஆண்டுகளாக இடுப்பு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்போது உளவியல் ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறார் மருத்துவர். என் வலி பொய் என்கிறாரா? வீட்டில் எல்லோரும் அனுசரணைதான். பத்து வயது மகன்கூட என் முகத்தைப் பார்த்தே மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்துவிடுவான். இந்த வலியோடு எப்படிக் காலம் தள்ளுவது?

பதில்: தம்பி, வலி உண்மைதான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில், காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அபாய மணியை அடித்துக்கொண்டே இருப்பதுண்டு. பயமும் தூக்கமின்மையும் அதை இன்னும் உரக்க அடிக்கவைக்கும். ஆலோசகர் அதற்குத்தான். போய்ப் பாருங்கள்.

என்னை உறுத்துவது உங்கள் மகன். எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்! இன்று சத்தம் போட்டு விளையாடலாமா, மூலையில் உட்கார வேண்டுமா என்பதை ஒரு பத்து வயதுப் பையன் அப்பாவின் நெற்றிச் சுருக்கத்தில் படிக்கிறான். அது அனுசரணையா? தகப்பன் பிள்ளையைத் தாங்க வேண்டிய வயது இது. நீங்கள் அவனுக்கு நர்ஸ் வேலை கொடுத்திருக்கிறீர்கள்.

அவனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் இதில் கேடு. முனகியவுடன் கவனிப்பு கிடைக்கும் வீட்டில் முனகலும் படுக்கையும் வளரும் என்று வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே எழுதினார். நடிப்பு என்று அவர் சொல்லவில்லை. நாம் அறியாமலே படிகிற பழக்கம் அது. ‘வலித்தால் ஓய்வு’ என்பதை அவர் மாற்றினார்: குறித்த அளவை முடித்தால் ஓய்வு.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். வலி கூடாமல் பத்து நிமிடம் நடக்க முடியுமா? ஏழு நிமிடம் வையுங்கள். மோசமான நாளிலும் ஏழு, நல்ல நாளிலும் ஏழு. நல்ல நாள்தான் ஆபத்து. ஒரு வார வேலையை ஒரே மூச்சில் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுப்பவர்களின் கடிதங்கள் என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வாரம் ஒரு நிமிடம் கூட்டினால் போதும். (கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ நடையை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.)

நடக்கும்போது மகனை அழைத்துச் செல்லுங்கள். இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மாத்திரை டப்பாவை இன்றே அவனுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். மருத்துவர் சொன்ன வேளைக்கு நீங்களே எழுந்து போய் எடுங்கள்.