கிளிப் வகை பிரேசஸில் உராய்வு குறைவு என்பதால் சிகிச்சை சீக்கிரம் முடியுமா?

பல் சீரமைப்புதான் என் வேலை, அதனால் நேராகவே சொல்கிறேன். ரப்பர் வளையத்துக்குப் பதில் சின்ன மூடியே கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பிராக்கெட்டில் (பல்மேல் ஒட்டும் சின்னத் துண்டு) உராய்வு குறைவு என்பது ஓரளவு உண்மை. சீக்கிரம் முடியும் என்று நம்பி அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

பல் பிடுங்கிய இடத்தை மூடக் கோரைப்பல்லைக் கம்பி வழியே பின்னுக்கு இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது வழுக்கிக்கொண்டு வருவதில்லை. நாம் இழுப்பது பிராக்கெட்டை. பல்லின் பிடிமானமோ எலும்புக்குள் வேரில் இருக்கிறது. அதனால் பல் முதலில் சாயும். சாய்ந்ததும், கம்பி உட்காரும் ஸ்லாட்டின் இரண்டு முனைகளும் கம்பியைக் கவ்விக்கொள்ளும், கோணலாக இழுத்த மேசை டிராயர் சிக்கிக்கொள்வதைப் போல. கம்பியின் விறைப்பு பல்லை நிமிர்த்தும்போது வேர் பின்னால் வரும், கவ்வல் தளரும், அப்புறம் மறுபடி சாய்வு. இப்படிச் சாய்ந்து நிமிர்ந்துதான் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகர்கிறது. வேர் நகர எலும்பு கரைந்து வழிவிட வேண்டும், அதை எந்த பிராக்கெட்டாலும் விரட்ட முடியாது.

ரப்பர் வளையம் கம்பியை அழுத்துவதால் வரும் உராய்வைத்தான் மூடி குறைக்கிறது. ஆய்வகத்தில் கம்பியை நேராக இழுத்தால் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் முனைகளின் கவ்வலை மூடியால் ஒன்றும் செய்ய முடியாது. நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் மொத்தக் காலம் குறிப்பிடும்படி குறையவில்லை.

பிராக்கெட்டைவிட நான் கவனிப்பது கம்பியை. இடம் மூடும் கட்டத்தில் 0.022 அங்குல ஸ்லாட்டில் 0.019 × 0.025 அங்குல ஸ்டீல் கம்பி போடுவது வழக்கம். கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், ஸ்டீலும் வழவழப்பானது. பீட்டா டைட்டானியம் கம்பியில் உராய்வு அதிகம். பல் நிறச் செராமிக் பிராக்கெட்டிலும் அப்படித்தான். சிலவற்றில் இதற்காகவே ஸ்லாட்டுக்குள் உலோகம் பதித்திருப்பார்கள். உராய்வை வெல்ல விசையைக் கூட்டினால், இழுக்கப் பிடிமானமாக இருக்கும் கடைவாய்ப்பல் முன்னால் வந்து, கோரைப்பல்லுக்கு வைத்த இடத்தைத் தின்றுவிடும். அதுதான் உண்மையான நஷ்டம்.

கழற்றிய கம்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிராக்கெட் முனை பட்ட இடத்தில் சின்ன வடு தெரியும். வடு ஆழமாகிவிட்டால் பல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கடினமானதைக் கடித்துக் கம்பி வளைந்தாலும் இதே கதைதான். இடைவெளி குறையாமல் அப்படியே நிற்கிறது என்று தோன்றினால், அடுத்த முறை கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.