கேளுங்க அண்ணாச்சி: கொள்ளைக்காரனும் பண்ணையார் மகளும்

கேள்வி: நாற்பது வயசுக்கு மேலே கௌபாய் காதல் கதைப் பைத்தியம் பிடித்திருக்கிறது அண்ணாச்சி. ஊரே தேடுகிற கொள்ளைக்காரன், பெரிய பண்ணைக்கு ஒரே வாரிசான பெண், முதலில் சண்டை, அப்புறம் காதல். வீட்டுக்காரர் கேலி செய்கிறார். நீங்களே சொல்லுங்க.
(ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: சிவகாசியில் அச்சான காமிக்ஸை வாடகைக்கு எடுத்து, கணக்கு நோட்டுக்குள் ஒளித்துப் படித்து, ஆச்சியிடம் மாட்டிப் புளிய விளாரால் வாங்கியவன் நான், என்னிடமா கேட்கிறீங்க தங்கச்சி? வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு சேதி சொல்லுங்க. அமெரிக்காவில் வங்கியையும் ரயிலையும் கொள்ளையடித்துப் பேர் எடுத்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் 1874-ல் யாரைக் கட்டினான் தெரியுமா? சொந்த அத்தை மகளை! அப்பாவோடு கூடப் பிறந்தவள் பெற்ற பெண், பேர் செரெல்டா. 1865-ல் நெஞ்சில் குண்டு பட்டுக் கிடந்தவனைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள், அப்புறம் ஒன்பது வருஷம் காத்திருந்தாள். பண்ணை, சொத்து என்று அவளுக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் இது நம்ம பக்கத்து முறைப்பெண் கதைதானே, தொப்பி மட்டும் கூடுதல்.

கேள்வி: நாற்பது பக்கத்தில் ஒரு வெஸ்டர்ன் காதல் கதை அனுப்பியிருக்கிறேன். ரயில் கொள்ளையில் நாயகன் நாயகியின் சங்கிலியைப் பறிக்கும்போது இருவர் கண்களும் சந்திக்கின்றன. எப்படி இருக்கிறது?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: முழுசாகப் படித்தேன் தம்பி. மூன்றாம் பக்கத்தில் சுட ஆரம்பித்த உங்க ஆள் ஐந்தாம் பக்கம் முடிவதற்குள் ஒரே துப்பாக்கியில், நடுவில் தோட்டா போடாமல், பதினோரு தடவை சுட்டுவிட்டான், விரல் விட்டு எண்ணினேன். 1873-ல் வந்த கோல்ட் கம்பெனி ரிவால்வரில் ஆறு அறைதான். அதிலும் விவரமானவன் ஐந்தில்தான் தோட்டா போடுவான், சுத்தியலுக்கு நேரே இருக்கும் அறையைக் காலியாக விடுவான், இல்லாவிட்டால் குதிரை குலுக்குகிற குலுக்கலில் சொந்தத் தொடையே போய்விடும்.

கண்கள் சந்திப்பதை எடுத்துவிடுங்க. அதற்குப் பதிலாக இப்படி யோசியுங்க: அவன் சங்கிலியைக் கேட்கிறான், அவள் கழற்றிக் கொடுத்துவிட்டு, ‘சீட்டு எங்கே?’ என்று கேட்கிறாள். அடகுக்கடையில் கேட்கிற மாதிரி. இவனுக்கு எழுதத் தெரியாது. சரி, நானே எழுதுகிறேன் என்று பென்சிலை எடுத்து, ஒன்பது பவுன் சங்கிலியைப் பதினோரு பவுன் என்று எழுதி, அவன் கட்டைவிரலில் மையைத் தடவி ரேகையும் வாங்கிக்கொள்கிறாள். ஒரு வாரம் கழித்து யாரோ படித்துச் சொன்னதும், எடுக்காத ரெண்டு பவுனுக்கு நியாயம் கேட்டு இவன் அவள் பண்ணைக்கே வருகிறான். காதல் அங்கே தொடங்கட்டும். இந்த யோசனைக்கு எனக்குக் காசு வேண்டாம்.

இன்னொன்று. அவன் சொத்துக்காகத்தான் அவளைக் கட்டுகிறான் என்று யாரும் சந்தேகப்படக் கூடாது என்றால் கதையை வயோமிங்கில் வைத்துக்கொள்ளுங்க. அந்தக் காலத்தில் பல மாகாணங்களில் தாலி ஏறின கையோடு, அதாவது மோதிரம் ஏறின கையோடு, பெண்ணின் சொத்தில் புருஷன் கை ஓங்கிவிடும். வயோமிங்கில் 1869-லேயே பெண்ணுக்கு ஓட்டும் கொடுத்தார்கள், கல்யாணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளச் சட்டமும் போட்டார்கள். உங்க நாயகி தைரியமாகச் சரி சொல்லலாம்.

கேள்வி: அமெரிக்கா எதற்கு? எங்க பக்கத்துத் தேரியில் இல்லாத செம்மண்ணா? இங்கேயே இந்தக் கதையை எழுதினால் என்ன?
(பெயர் வேண்டாம் என்றவர், திசையன்விளை)

பதில்: மண் சரிதான். சாயங்கால வெயிலில் தேரி சிவந்து கிடப்பதைப் பார்த்தால் எந்த டெக்சாஸும் கிட்டே நிற்காது, ஒத்தைப் பனைக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஆளை நிறுத்தினால் படமாகவே இருக்கும். அந்த மணலில் குதிரை என்ன, சைக்கிளே உருளாது என்பது வேறு விஷயம்.

இடைஞ்சல் மனுஷங்களால்தான். வெஸ்டர்ன் கதையில் ஒருவன் குதிரையில் வந்து இறங்கினால் அவன் யார் என்று எவருக்கும் தெரியாது, வாயில் வந்த பேரைச் சொல்லலாம், பழைய கணக்கு பாக்கியில்லை. பண்ணையார் மகள் அவனிடம் மயங்குவதே அதனால்தான். நம்ம திசையன்விளை டீக்கடையில் புது முகம் ஒன்று உட்காரட்டும். ‘தம்பி எந்த ஊரு? யாரு மவன்?’ என்று ஆரம்பித்து, கிளாஸில் ஆடை படிவதற்குள் ‘அட, நம்ம பெரிய மதினியோட தம்பி மவனால்லா!’ என்று முடித்துவிடுவார்கள். அப்புறம் அவன் எங்கே முகமூடி போடுவது? பத்து நிமிஷத்தில் அவன் அம்மாவுக்குப் போன் போய்விடும், வரும்போது அரிசி வாங்கிவரச் சொல்லி பதிலும் வந்துவிடும்.

நிஜமான ஆள் வேண்டுமென்றால் 1920-களில் போலீஸ் சுட்டுக் கொன்ற நம்ம பக்கத்துக் கொள்ளைக்காரர் ஜம்புலிங்கம் இருக்கிறார். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி அம்மா எமி கார்மைக்கேல் அவரைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆனால் அதில் கிச்சுகிச்சு மூட்ட எனக்கு மனசு வராது.

கேள்வி: அண்ணாச்சி, நிஜத்தில் ஒரு கொள்ளைக்காரன் வந்து கேட்டால் உங்க பெண்ணைக் கொடுப்பீர்களா?
(வாசகர், தென்காசி)

பதில்: சொந்த வீடு இருக்கிறதா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்க. அந்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் அத்தனை கொள்ளையடித்தும் 1882-ல் சாகும்போது செயின்ட் ஜோசப் ஊரில், பொய்ப் பேரில், மாசம் 14 டாலர் வாடகை வீட்டில்தான் குடியிருந்தான்.