நடக்கிறார், ஆனால் எழ முடியவில்லை

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, எடை 55 கிலோ. தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். மூட்டு வலி இல்லை. ஆனாலும் சில மாதங்களாகக் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இது வயதின் இயல்பா? நடையைக் கூட்டலாமா?

பதில்: நடை தொடரட்டும், ஆனால் அதைக் கூட்டுவதால் இந்தக் குறை தீராது. சமதரையில் நடக்கத் தொடைக்குக் கொஞ்சம் பலம் போதும். எழும்போதோ கிட்டத்தட்ட உடல் எடை முழுவதையும் தொடையும் பிட்டமும் தூக்கியாக வேண்டும். வயதானால் முதலில் மெலிவது, சட்டென்று சுருங்கி விசை தரும் தசை இழைகள். அவற்றை இயக்கும் நரம்புகளும் குறைவதால், தசையின் அளவைவிடப் பலம் சீக்கிரம் போய்விடும். தசை போன இடத்தில் கொழுப்பு சேர்வதால் எடை மாறாமலும் இருக்கலாம். வயதால் தசையும் பலமும் இப்படிக் குறைவதை சார்கோபீனியா என்கிறோம். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலே கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு ஒருமுறைகூட முடியவில்லை.

கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, போர்வையை மடித்து வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவு முன்னால் குனிந்து எழச் சொல்லுங்கள். பலரும் நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பதால்தான் தோற்கிறார்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் நான்கு வினாடி எடுத்து இறங்க வேண்டும். பாதிப் பயன் அதில்தான். மூச்சை அடக்காமல் வாய்விட்டு எண்ணட்டும். எட்டு முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கடைசி இரண்டு முறை கஷ்டமாகத் தெரியவில்லையென்றால் போர்வையில் ஒரு மடிப்பைக் குறையுங்கள்.

அவர் எடைக்கு நாளொன்றுக்கு 55 முதல் 66 கிராம் புரதம் வேண்டும். காலையில் மூன்று இட்லி, இரவில் கஞ்சி என்றால் பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் சுமார் 6 கிராம் உண்டு. சுண்டல், கெட்டிப் பருப்பு, மீன் எதுவானாலும் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

வைட்டமின் டி, தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். கொழுப்பு மாத்திரை தொடங்கிய பிறகு வந்த பலவீனமென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பலவீனம் சில நாட்களிலோ வாரங்களிலோ மளமளவென்று கூடினாலும், கால் மரத்தாலும், சிறுநீர் அடக்க முடியாமல் போனாலும் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரெனத் தளர்ந்தால் பக்கவாதமாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள்.