டிரங்குப் பெட்டியில் கம்ப்யூட்டர் இதழ்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். என் தாய்மாமா இங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி, 1990களின் நடுவில் அதையே கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியவர். போன வருஷம் தவறிவிட்டார். வீட்டை ஒழித்தபோது பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் கிடைத்தன. உள்ளே எண்பது கம்ப்யூட்டர் இதழ்கள் இருக்கும். ‘தமிழ் கம்ப்யூட்டர்’, தினமலரோடு வந்த ‘கம்ப்யூட்டர் மலர்’, ஆங்கிலத்தில் ‘பிசி குவெஸ்ட்’, ‘சிப்’. கூத்தாநல்லூர் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து மாமாவுக்குக் கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேம் இதழ்களும் ஏழெட்டு உண்டு. அதில் ஒன்றுக்கு அட்டையே இல்லை.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட இதழ்களைப் பொழுதுபோக்காகவே ஸ்கேன் செய்து சேமிப்பவர்கள் இருப்பதாகப் படித்து, நானும் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். ஒன்றரை மாதத்தில் பன்னிரண்டு இதழ்தான் முடிந்திருக்கிறது. மனைவி, “இதெல்லாம் நெட்லயே இருக்காதா?” என்கிறாள். மச்சான், “பெரிய உ.வே.சா.ன்னு நினைப்பா?” என்று கேட்டுவிட்டார். பாதிப் பக்கம் விளம்பரம் வேறு. நல்ல கட்டுரைகளை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு மீதியைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாமா? இதழைக் கிழிக்காமல் ஸ்கேன் செய்ய முடியுமா? சட்டப்படி இது சரியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
நீடாமங்கலம்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பழைய பேப்பர் கடை விஷயம். போடாதீர்கள். ஒரு தாளைக்கூடப் போடாதீர்கள். நல்ல கட்டுரை எது என்று பொறுக்கவும் வேண்டாம். முன்னட்டை முதல் பின்னட்டை வரை, விளம்பரம், சந்தாப் படிவம், கூப்பன், வாசகர் கடிதம் எல்லாவற்றையும் அப்படியே எடுங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் பொறுக்கியெடுத்தவன்.

திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுக்கும் இதே இதழ்கள் வந்தன. 2001 வாக்கில், வைக்க இடமில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். பயன்படும் என்று தோன்றிய கட்டுரைகளை வெட்டி ஒரு ஃபைலில் போட்டேன். மீதி எடைக்குப் போனது. அதற்கப்புறம் வாங்கியவற்றை மட்டும் முழுசாகக் கட்டி வைத்திருந்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் ஓட்டுக்கூரை பிய்ந்து, அந்தக் கட்டுகள் மழையில் ஊறின.

வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் பூசியிருக்கும் களிமண் பூச்சு நனைந்தால் இளகும். அப்படியே காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். இது தெரியாமல், வெயில் வந்ததும் கட்டுகளை மாடிப்படியில் வரிசையாகக் காய வைத்தேன். மூன்றாம் நாள் ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றைக் கத்தி வைத்துப் பிரித்தபோது, இந்தப் பக்கத்து எழுத்தெல்லாம் எதிர்ப்பக்கத்து கம்ப்யூட்டர் படத்தின் மேல் தலைகீழாக உரிந்து வந்தது. ஈரம் இருக்கும்போதே பக்கத்துக்கு நடுவில் தாள் கொடுத்துப் பிரித்திருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்கிறார்கள். ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தபோது ஃப்ரீசருக்கு எங்கே போவது?

பீரோவுக்குள் இருந்ததால் அந்த வெட்டிய ஃபைல் மட்டும் தப்பித்தது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? விண்டோஸுக்கு முன் கம்ப்யூட்டரை இயக்கிய டாஸின் கட்டளைகள். ஃபிளாப்பியில் வைரஸ் வந்தால் என்ன செய்வது. விண்டோஸ் 98 வேகமாக ஓடப் பத்து வழிகள். இவை இன்று வேறு எத்தனையோ இடங்களில் கிடைக்கும், யாருக்கும் தேவையும் இல்லை. இப்போது நான் தேடுவதெல்லாம் அன்று எடைக்குப் போட்ட தாள்களில் இருந்தது.

உங்கள் மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை ஒரு மனிதர் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றுகிறார். அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த வருஷத்து இதழின் விளம்பரப் பக்கத்தைப் பாருங்கள். எத்தனை எம்பி மெமரி, ஹார்ட் டிஸ்க் உண்டா, மானிட்டர் கலரா கறுப்பு வெள்ளையா, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் சேர்த்து என்ன விலை, தவணைக்குக் கிடைக்குமா என்று எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த விலையையும் அவர் ஒரு மாணவரிடம் வாங்கிய மாதக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர் எத்தனை வருஷம் கடனைச் சுமந்திருப்பார் என்பது புரியும். எந்தக் கட்டுரையாளரும் இதைக் கட்டுரையாக எழுதி வைக்கவில்லை.

தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையின் மோடி ஆவணங்கள் (மோடி என்பது மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து) நம் பக்கத்திலேயே இருக்கின்றன. யாருக்கு என்ன கொடுத்தது, எதை எவ்வளவுக்கு வாங்கியது என்று அன்றாடம் எழுதிய கணக்குகள் அவற்றில் ஏராளம். எழுதியவர்கள் இலக்கியம் என்று நினைத்து எழுதவில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றைத் தமிழாக்கி வெளியிட்ட பிறகு, அந்தக் காலத்துத் தஞ்சையைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றைப் புரட்டாமல் எழுதுவதில்லை. விலைப்பட்டியலின் அருமை அப்படித்தான்.

வீடியோ கேம் பக்கமும் இதே கதைதான். டிவியில் கேசட் சொருகி மாரியோ ஆடாத பிள்ளை நம் ஊர்களில் அன்று குறைவு. அந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்காவில் எந்தத் தேதியில் கடைக்கு வந்தது? உலகமே ஆடிய ஆட்டம், ஆனால் உறுதியான பதில் இல்லை. ஃபிராங்க் சிஃபால்டி என்பவர் பழைய செய்தித்தாள், இதழ், விளம்பரம் என்று துழாவிப் பார்த்துவிட்டு, தேதியை நிரூபிக்க முடியவில்லை என்று 2012இல் எழுதினார். 2017இல் அவர் தொடங்கியதுதான் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன். அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அவர்கள் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கேமே கிடைக்காதபோது, அப்படி ஒன்று இருந்தது என்பதற்கு இதழ்தான் சாட்சி. 2025 ஜனவரியில் அவர்கள் திறந்த மின்நூலகத்தில், அச்சில் இல்லாத 1,500க்கும் மேற்பட்ட இதழ்களைச் சொல் போட்டுத் தேடலாம். இது போன்ற வேலைக்கு வழி போட்டவர்கள் உங்களைப் போல வீட்டில் ஒரு ஸ்கேனர் வைத்துக்கொண்டு, ராத்திரி பத்து பக்கம், இருபது பக்கம் என்று எடுத்தவர்கள்தான். ஒருவர் ஸ்கேன் செய்வார், இன்னொருவர் பக்கங்களை நேராக்கி அழுக்கு நீக்குவார், எந்த இதழில் எந்தப் பக்கம் குறைகிறது என்று பட்டியல் போட்டுத் தேடுவார்கள்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. ஆங்கில இதழ்களில் ஓரளவு நெட்டில் இருக்கும். எடுக்கும் முன் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே நல்ல பிரதி இருந்தால் அந்த இதழைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். தமிழ் இதழ்களை முதலில் எடுங்கள், அதிலும் ‘கம்ப்யூட்டர் மலர்’ போன்ற இணைப்புகளை முதலில் எடுங்கள். நாளிதழோடு வந்த இணைப்பை யார் பைண்டு செய்து வைத்தார்கள்? படித்த மறுநாள் அது பஜ்ஜி மடிக்கப் போயிருக்கும்.

இதில் இன்னொரு விஷயம், பலரும் யோசிக்காதது. பதிப்பகத்தில் பழைய கம்ப்யூட்டர் கோப்புகள் பத்திரமாக இருக்குமே, தாள் எதற்கு என்று தோன்றலாம். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கியிருந்தது. அதே எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூடி, பொது விசைப்பலகையும் எழுத்துக் குறியாக்கமும் வேண்டும் என்று பேசி முடிவெடுத்ததே இந்தக் குழப்பத்தால்தான். ஆக, அன்றைய தமிழ்க் கோப்பைவிட அன்றைய தாளைத்தான் இன்று எளிதாகப் படிக்க முடிகிறது. தமிழ்ச் சொற்கள் எப்படித் தடுமாறி வளர்ந்தன என்பதும் அந்தத் தாளில்தான் தெரியும். கணிப்பொறி, கணினி, கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே இதழில் வரும். ஒருவர் மவுஸைச் சுட்டி என்பார், அடுத்த பக்கத்தில் இன்னொருவர் சுண்டெலி என்பார்.

சிடியை மறந்துவிடாதீர்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று அன்று அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் இணைய சேவை தொடங்கியபோது அது பெருநகரங்களுக்குத்தான். நீடாமங்கலத்தில் இருந்தவருக்கு இதழோடு வந்த சிடிதான் இணையம். பெட்டியில் இருந்தால் அதன் முழு நகலை ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, இதழின் ஸ்கேனோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

சரி, எப்படி எடுப்பது. நடுவில் பின் அடித்த இதழ் என்றால் கிழிக்கவே வேண்டாம். பின்னின் கால்களை நிமிர்த்தி எடுத்துவிட்டுத் தாள்களை விரித்து ஸ்கேன் செய்து, அதே துளைகளில் திருப்பிக் கோத்துவிடலாம். பின் துருப்பிடித்திருக்கும், நம் ஊர் ஈரத்துக்கு அது நிச்சயம். புதுப் பின் போடுங்கள். முதுகில் பசை போட்டு ஒட்டிய தடித்த இதழ்கள்தான் சிரமம். ஹேர் டிரையரில் மெல்லச் சூடு காட்டினால் பசை இளகும், தாள் தாளாகக் கழற்றலாம். பிரஸ்ஸில் கொடுத்து முதுகை வெட்டினால் உள் ஓரத்து எழுத்துப் போய்விடும். தாள் மெல்லியதாக இருந்து பின்பக்கம் தெரிந்தால், பின்னால் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள். ஸ்கேனர் தானாக நிறத்தைச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள்.

ஸ்கேனரில் 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாதீர்கள். நிரல் வரிகள் அச்சான பக்கத்தில் சைபரும் ஆங்கில ஓவும், ஒன்றும் சின்ன எல்லும் பிரிந்து தெரிய வேண்டும். ஒரு எழுத்து மாறினால் அந்த புரோகிராம் ஓடாது. அச்சுப் படங்கள் புள்ளிகளால் ஆனவை என்பதால் ஸ்கேனில் அலை அலையாகக் கோடு விழும். அந்தப் பக்கங்களை மட்டும் 600இல் எடுத்துப் பிறகு சுருக்குங்கள். மூலத்தைச் சுருக்காத டிஃப் கோப்பாக வையுங்கள், படிக்கக் கொடுப்பதற்குத் தனியாக பிடிஎஃப் போடலாம். 300இல் ஒரு ஏ4 கலர் பக்கம் சுமார் 26 எம்பி வரும். எண்பது இதழ், இதழுக்கு எண்பது பக்கம் என்று வைத்தால் 6,400 பக்கம், 170 ஜிபிக்குள் அடங்கும். உங்கள் மாமா பார்த்த ஹார்ட் டிஸ்குகளை நினைத்தால் மலைப்பாக இருக்கும். இன்று சாதாரண டிஸ்க் ஒன்றே போதும். ஆனால் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். புயல் இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி வராது.

ஒன்றரை மாதத்தில் பன்னிரண்டு என்பது குறைவே இல்லை. இதே வேகத்தில் போனால் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஐப்பசி அடைமழைக்கு முன் பெட்டிகளை மட்டும் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும்தான் வீடு.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ஆக உங்கள் பெட்டியில் உள்ள எதுவும் இன்னும் பொதுச் சொத்து ஆகவில்லை. உங்கள் பிரதியை உங்கள் படிப்புக்காக ஸ்கேன் செய்து வைப்பது வேறு, உலகத்துக்கு ஏற்றுவது வேறு. அமெரிக்காவில் வந்த ‘நின்டெண்டோ பவர்’ கேம் இதழ்களை ஆர்வலர்கள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஏற்றியிருந்தார்கள், 2016இல் நின்டெண்டோ நிறுவனம் ஆட்சேபித்ததும் அவை இறக்கப்பட்டன. பதிப்பாளர் இருக்கிறாரா என்று பாருங்கள், இருந்தால் ஒரு கடிதம் எழுதுங்கள். மறுப்பார்கள் என்று நாமே முடிவு செய்ய வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு. லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ள 2012 திருத்தம் இடம் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் இதழ்களையே அப்படி ஒரு நூலகத்துக்குக் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். அனுமதி கிடைக்கும்வரை ஸ்கேன் உங்கள் டிஸ்கில் இருக்கட்டும். எடுக்காமல் விட்டால் பிறகு அனுமதி கிடைத்தும் பயனில்லை.

மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த அந்த உ.வே.சா.வுக்குக் கிடைத்த ஏட்டுச் சுவடிகளில் பலவும் குறைப்பிரதிகள். ஒரு வீட்டு ஏட்டில் இல்லாத பகுதி இன்னொரு ஊர் ஏட்டில் இருக்கும். அட்டை போன உங்கள் கேம் இதழும் குறைப்பிரதிதான். அதை ஒதுக்காதீர்கள், பொருளடக்கப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த மாதத்து இதழ் என்று கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கும் ஓர் உதவி வேண்டும். என் ஃபைலில் டாஸ் கட்டளைகள் பற்றி ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இதழிலிருந்து வெட்டிய ஒரு தாள் இருக்கிறது. அதன் பின்பக்கம் வாசகர் கடிதம். கட்டுரையின் ஓரத்தை ஒட்டிக் கத்தரித்ததில் கடிதம் நெடுக்காகப் பாதியாகிவிட்டது. ஒவ்வொரு வரியின் பின்பாதி மட்டும் தெரிகிறது. “...அடிக்கடி மின்சாரம் போவதால்” என்று ஒரு வரி. “...யுபிஎஸ் இல்லாமல் வாங்கலாமா” என்று இன்னொன்று. கீழே ஊர் மட்டும் முழுசாக இருக்கிறது, வேதாரண்யம். பெயர் போய்விட்டது, ஆசிரியர் என்ன பதில் சொன்னார் என்பதும் போய்விட்டது. அந்த இதழ் உங்கள் பெட்டியில் இருந்தால், அடுத்து ஸ்கேன் செய்வது அதுவாக இருக்கட்டும்.