வாசகர் கேள்வி – பதில்: அண்ணிக்கு நன்றி சொல்வது எப்படி?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கும் என் தாயார் சென்ற ஆண்டு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, அவர் மீண்டும் எழுந்து நடமாடும்வரை கவனித்துக்கொண்டவர் என் பெரிய அண்ணி. வரும் பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏற்காட்டில் ஒரு வீடு எடுத்துத் தங்குகிறோம். அங்கே அவருக்கு மனமார நன்றி சொல்ல விரும்புகிறேன். "நமக்குள்ளே எதற்கு நன்றியெல்லாம்?" என்கிறார் அண்ணன். சின்ன அண்ணியின் மனம் நோகுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: அவசியம் சொல்லுங்கள். அண்ணன் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார் என்றாலும், இரவும் பகலும் பாடுபட்டவர் அண்ணி. நன்றி வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் அவருக்கே உரியது. பெரியவர்களுக்கு நன்றி காட்ட நம் குடும்பங்களில் முறை இருக்கிறது. காணும் பொங்கலன்று காலில் விழுந்து வணங்குகிறோம். அவர்களும் திருநீறு பூசி, கையில் பணம் கொடுத்து வாழ்த்துகிறார்கள். அண்ணி, நாத்தனார், கொழுந்தன் என்று ஏறத்தாழ ஒத்த வயதில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு முறை இல்லாததால், அவர்கள் செய்வதெல்லாம் கடமை என்ற பெயரில் யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது. நீங்கள் வாய் திறந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் அண்ணியின் வேலையை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை வீட்டிலும் அடுப்படியில் நிற்கப்போவது அவர்தான் என்றால், நீங்கள் சொல்லும் நன்றிக்குப் பொருளே இல்லை. புறப்படும் முன்பே, தாயாருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார் என்பதையெல்லாம் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்கும்வரை தாயாரின் பக்கத்தில் நீங்களே உட்கார்ந்து, அவருடைய இடுப்புக்குத் தலையணை வைத்து, குமட்டினால் முகர எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருங்கள். அண்ணி வேறு வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து வரட்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், தை மாதக் குளிரில், விடியும் முன் எழுந்து வெந்நீர் வைப்பதும், தாயாரைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துச் செல்வதும் உங்கள் பொறுப்பாகட்டும். சமையலை ஆண்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளலாம். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அண்ணியை மட்டும் கூப்பிடக் கூடாது.

இப்படி இரண்டு நாள் கழிந்தால், எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே துல்லியமாகத் தெரிந்துவிடும். எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசாதீர்கள். கூட்டத்தில் அவர் கூசிப்போவார், மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குவார்கள். அது காப்பிப் பழம் பறிக்கும் பருவம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும் தோட்டங்களை ஒட்டிய சாலையில் அவரோடு தனியாக ஒரு நடை போய்வாருங்கள். "ரொம்ப நன்றி" என்று பொதுவாகச் சொல்லி முடிக்காமல், "அண்ணி, ராத்திரி அம்மா கூப்பிட்டா எழுந்து போறது எவ்வளவு கஷ்டம்னு இப்பத்தான் தெரியுது. இத்தனை மாசம் நீங்க ஒருத்தரா செஞ்சிருக்கீங்க" என்று சொல்லுங்கள்.

சின்ன அண்ணி செய்த உதவி ஏதேனும் இருந்தால் அவரிடமும் தனியாகச் சொல்லுங்கள். சமன் செய்வதற்காக இல்லாததைப் புனைந்து சொல்ல வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கித் தர நினைத்தால் பொங்கல் சீராகக் கொடுங்கள். நன்றி சொல்லும் அதே வேளையில் நீட்டினால் கூலி கொடுத்ததுபோல் ஆகிவிடும். தாயார் சம்மதித்தால், விடுமுறை முடிந்ததும் சில மாதங்கள் அவரை உங்களோடு வைத்துக்கொள்வதாக அண்ணியிடம் சொல்லுங்கள். அவருக்கு உண்மையிலேயே தேவைப்படுவது அந்த ஓய்வுதான் என்பது என் கருத்து.

கேள்வி: ஏற்காடு பயணத்துக்குப் பணம் கொடுத்த தாத்தாவுக்கு என் பிள்ளைகளை நன்றி சொல்ல வைப்பது எப்படி?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நன்றியை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஆளுக்கொரு அஞ்சலட்டை வாங்கிக் கொடுத்து, மலையில் தாங்கள் பார்த்ததை, பிழையிருந்தாலும் தங்கள் சொந்த நடையிலேயே எழுதச் சொல்லி, ஏற்காடு அஞ்சலகத்திலேயே போட்டுவிடுங்கள்.