பன்னிரண்டு குடும்பமும் ஒரு மெகா பிளாக்கும்

கேள்வி: எங்கள் சபை தாராவியில் பல வருஷமாக இருக்கிறது. பத்லாப்பூர், அம்பர்நாத் பக்கம் ஃபிளாட் வாங்கிப் போன 12 குடும்பங்கள் இப்போது பத்லாப்பூரிலேயே ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து ஞாயிறு ஆராதனை ஆரம்பித்துவிட்டார்கள். சந்தா நின்றுபோயிற்று. அந்த ஊரில் வேறு சபைகள் இல்லாமலும் இல்லை. இருக்கிற சபைக்கே ஆள் வராதபோது புதுச் சபை எதற்கு? தாய்ச் சபையின் சந்தாவை இனி யார் கட்டுவது? இது சபையைப் பிளப்பது ஆகாதா?
— கமிட்டி உறுப்பினர் ஒருவர், தாராவி

பதில்: அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் சந்தா இரண்டு தடவை வருகிறது. அந்த 12 குடும்பத்தில் ஒரு வயசான அம்மாவோ ஒரு பிள்ளையோ எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட வரவில்லை. அதிலிருந்தே தொடங்குவோம்.

பத்லாப்பூர், மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் முனையத்திலிருந்து 68 கிலோமீட்டர். காலை ஆராதனைக்குத் தாராவி வர வேண்டுமென்றால் விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, வண்டி பிடித்து, குர்லாவில் இறங்கி ஸ்லோ வண்டிக்கு மாறி, சயானிலிருந்து நடக்க வேண்டும். இது வரும் கதை. திரும்பும் கதை உங்களுக்கே தெரியும்: மாட்டுங்கா – முலுண்ட் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக வண்டிகளைக் குறைத்தும் தடம் மாற்றியும் விடுகிற நேரம். ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தைப் பழுதுபார்க்கத் தேர்ந்தெடுக்கும் நாளும் கர்த்தருடைய நாளும் ஒன்றாகப் போய்விட்டது, என்ன செய்ய! முட்டு வலிக்காரப் பாட்டி ஒருத்தி குர்லா மேம்பாலத்தில் ஒவ்வொரு படியாக ஏறுவதை ஒரு ஞாயிறு பின்னாலேயே நின்று பார்த்திருக்கிறேன். கையில் வேதாகமப் பை. மகன் மேலே நின்று வண்டி போய்விடுமே என்று தவிக்கிறான். அதற்கு அடுத்த ஞாயிறு அவள் வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் சபை ரிஜிஸ்டரைப் புரட்டுங்கள். அந்த 12 குடும்பங்கள் போன வருஷம் எத்தனை ஞாயிறு வந்தார்கள்? கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அசனம் என்கிற சபை விருந்து. மற்ற ஞாயிறுகளில் உங்களிடமும் இல்லை, வேறெங்கும் இல்லை. சந்தா மட்டும் ஜிபேயில் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் அவர்கள் போனது உங்களுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அவர்கள் சபையை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது அண்ணாச்சி. இப்போது திரும்பி வருகிறார்கள், வேறு ஊரில்.

“இருக்கிற சபைக்கே ஆள் இல்லை” என்கிறீர்கள். உங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான் என்று எழுத்திலேயே தெரிகிறது. பாளையங்கோட்டையில், பிராமண விதவையாயிருந்து கிறிஸ்தவளான குளோரிந்தா கட்டிய பாப்பாத்தியம்மாள் கோவிலை 1785-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். அது இருக்கும்போதே, 1799-இல், சொந்த ஊரில் தலைகாட்ட முடியாதபடி துன்பப்பட்ட புது விசுவாசிகளுக்காகச் சாத்தான்குளம் பக்கத்தில் நிலம் வாங்கி முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமத்தை உண்டாக்கினார்கள். “பாளையங்கோட்டையில் கோவில் இருக்கிறதே, ஞாயிறுதோறும் அங்கே வாருங்கள்” என்று அன்றைக்கு ஒரு கமிட்டி சொல்லியிருந்தால், நீங்களும் நானும் இந்தக் கடிதப் போக்குவரத்தில் இருந்திருப்போமா என்பது சந்தேகமே.

பத்லாப்பூரில் வேறு சபைகள் இருப்பது நிஜம். அங்கே போகக் கூடாதா? இந்தி தெரிந்தவர்கள் போகட்டும். ஆனால் ஜெபம் பண்ணும்போது தமிழ் மட்டுமே வருகிற பாட்டி போய் என்ன செய்வாள்? எருசலேமிலேயே கிரேக்க பாஷைக்காரர்களின் விதவைகள் அன்றாடப் பராமரிப்பில் விட்டுவிடப்பட்டார்கள் என்று அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் முறுமுறுப்பு எழும்பியது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்.

உங்களுக்கு இவ்வளவு. இனி பத்லாப்பூர்க்காரர்களுக்கும் கொஞ்சம். இந்தப் பக்கத்தை அவர்களும் படிக்கிறார்கள்.

தம்பிகளே, தூரம் என்பது நல்ல காரணம். போன கமிட்டித் தேர்தலில் தோற்றது நல்ல காரணம் அல்ல. பம்பாயில் எத்தனையோ தமிழ்ச் சபைகளின் பிறப்புச் சான்றிதழைத் தோண்டினால் தரிசனம் கிடைக்காது, ஒரு சண்டைதான் கிடைக்கும். உங்களுடையது எது என்று உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று: அம்பர்நாத்தில் வேறொரு சபைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் குடும்பத்தை “நம்ம ஊர்க்காரங்க” என்று இழுத்துவந்து பதின்மூன்றாவதாகச் சேர்த்தால், அது ஊழியக் கணக்கில் வராது. பவுல் மற்றொருவனுடைய அஸ்திபாரத்தின்மேல் கட்டாதபடிக்கு நாடினேன் என்கிறார். ரோமர் 15:20, எடுத்துப் பாருங்கள்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அஞ்சு வருஷம் கழித்தும் அந்த ஹாலில் அதே 12 குடும்பங்கள், அதே பாமாலை, அதே அசன சாம்பார் என்றிருந்தால், ஒரு தொட்டிச் செடியைத் தாராவி வாசலிலிருந்து எடுத்துப் பத்லாப்பூர் பால்கனியில் வைத்திருக்கிறீர்கள். அதற்கு நடுவது என்று பேர் கிடையாது. 1903-இல் நம் திருநெல்வேலிச் சபையார், வெள்ளாளன்விளை அசரியா போன்றவர்கள் முன்நிற்க, இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தங்கள் சொந்தக் காணிக்கையில் ஆளை அனுப்பியது எங்கே? தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு. போனவர்கள் தெலுங்கு கற்றுக்கொண்டார்கள், அந்த ஊராரைத் தமிழ் கற்கச் சொல்லவில்லை. உங்கள் ஹாலுக்கு எதிர்வீட்டில் மராத்தி பேசுகிறார்கள். உங்கள் பிள்ளைகளே தமிழ்ப் பாட்டை போனில் இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறார்கள். பாட்டிக்குத் தமிழ் ஆராதனை நடக்கட்டும். பேரனுக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் என்ன வைத்திருக்கிறீர்கள்? சொசைட்டி செக்ரட்டரி சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வரும்போது மட்டும்தான் அக்கம்பக்கத்தார் உங்கள் வாசலுக்கு வருவார்கள் என்றால், அது சரியில்லை.

மறுபடியும் அண்ணாச்சி. பிளவா என்று கேட்டீர்கள். அது கமிட்டி கையில் இருக்கிறது. வேறு சபையில் சேர வேண்டிய மாற்றுக் கடிதத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் பிளவு. கடிதம் கொடுத்து, சபைப் போதகர் ஐயரை மாதத்தில் ஒரு ஞாயிறாவது அனுப்பித் திருவிருந்து நடத்திக் கொடுத்தால் கிளைச் சபை. சந்தாவை ஒரு மூன்று வருஷம் அவர்களே வைத்துக்கொள்ளட்டும், ஹால் வாடகை கொடுக்க வேண்டுமே. அந்தியோகியா சபை அனுப்பி வைத்தது பர்னபாவையும், பவுல் என்று பேர் பெற்ற சவுலையும்; தொல்லை ஒழிந்தது என்று நினைக்கத்தக்க இரண்டு பேரை அல்ல.

கமிட்டியில் இதைப் பேசுமுன் ஒரு ஞாயிறு நீங்களே பத்லாப்பூர் போய் வாருங்கள். காலையில் எதிர்த்திசை வண்டி, உட்கார இடம் கிடைக்கும். திரும்பும்போதுதான் பிளாக்கில் மாட்டுவீர்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் வண்டி ஒழுங்காகும். மத்தியானச் சாப்பாட்டை அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.