‘இன்னும் ஒரே ஒரு நாள்’ என்று மணி ஒன்றாகிவிடுகிறது, டாக்டர்!

கேள்வி: எனக்கு 34 வயது. கோவையில் ஐடி வேலை. குழந்தை தூங்கியதும் இரவு 10 மணிக்கு லேப்டாப்பில் ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற விவசாய கேமைத் திறந்தால், அதில் ‘இன்னும் ஒரே ஒரு நாள்’ என்று ஆடி ஆடி மணி ஒன்றாகிவிடுகிறது. காலை 6 மணிக்கு எழ வேண்டும். பஸ்ஸில் போகும்போது போனில் ‘கேண்டி க்ரஷ்’. முதலாவதை ஆடினால் மனசு நிறைகிறது. இரண்டாவது எரிச்சலைத்தான் தருகிறது, ஆனாலும் விட முடியவில்லை. வலது கட்டைவிரலின் அடியில் வலி வேறு. மனைவி ‘நீங்க கேமுக்கு அடிமை’ என்கிறார். மருந்து இருக்கிறதா?

பதில்: முதலில் அந்த ‘அடிமை’யைப் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ இருப்பது உண்மைதான், 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்ற கணக்கு அதில் கிடையாது. நிறுத்துவது உங்கள் கையில் இல்லையா, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறீர்களா, அதனால் வீடும் வேலையும் நிஜமாகவே பாழாகிறதா, இதெல்லாம் பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் உங்களுக்கு அது இருப்பதாகத் தெரியவில்லை. ஐந்து மணி நேரத் தூக்கம் இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. உங்கள் வயதுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும்.

ஒன்று நிறைவையும் இன்னொன்று எரிச்சலையும் தருகிறது என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அது. வாட்ஸ்அப்பில் எல்லோரும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைத் திட்டுகிறார்கள். 1998லேயே லண்டனில் எட்டு ஆண்களை டாங்கி ஓட்டும் கேம் ஒன்றை ஆடவிட்டு ஸ்கேன் எடுத்து, ஆடும்போது மூளையில் டோபமைன் சுரப்பதைக் காட்டினார்கள். ஆனால் டோபமைனின் முக்கிய வேலை ‘வேணும் வேணும்’ என்று தூண்டுவது. கிடைத்த பிறகு பிடித்ததா, மனம் நிறைந்ததா என்பது வேறு கணக்கு.

சின்ன வயதில் தாயம் ஆடியிருப்பீர்கள். எத்தனை முறை உருட்டியும் விழாத தாயம் திடீரென்று விழும்போது வீடே அதிரும். ஒவ்வொரு முறையும் விழுந்தால் யார் ஆடுவார்கள்? எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் உயிரினங்கள் விடாமல் முயலும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டிவிட்டார். கேண்டி க்ரஷ் அந்த வகை. எந்த மிட்டாய் மேலிருந்து விழும் என்பது உங்கள் கையில் இல்லை, ஒரே ஒரு ஜெல்லி மிச்சமிருக்கும்போது ஆட்டம் முடியும், தோற்றோம் என்று தோன்றாது, ‘கிட்டத்தட்ட ஜெயிச்சோம்’ என்று தோன்றும், அந்த நேரம் பார்த்து இன்னும் ஐந்து நகர்த்தல் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள்! ஐந்து உயிர்களும் போனால், ஒன்று திரும்ப 30 நிமிடம். அதாவது எப்போது நிறுத்துவது, எப்போது திரும்ப வருவது என்பதைக்கூட அதுவே முடிவு செய்கிறது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஸ்டார்டியூவில் பார்ஸ்னிப் என்ற கிழங்கை விதைத்துத் தண்ணீர் ஊற்றினால் நாலு நாளில் அறுவடை. ஊற்ற மறந்தால் வளராது, ஏன் வளரவில்லை என்றும் உங்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒவ்வொரு கட்டமாக ஊற்றி அலுத்தவருக்கு, பிறகு தானே செய்துவைத்த ஸ்பிரிங்க்ளர் விடியற்காலையில் தானாக நனைத்திருப்பதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே (நானும் ஆடுபவன்தான், வீட்டில் சொல்லிவிடாதீர்கள்), அது உழைத்தவருக்குத்தான் கிடைக்கும். நானே தேர்ந்தெடுத்தேன், நேற்றைவிட இன்று நன்றாகச் செய்கிறேன், நாலு பேரோடு ஒட்டுறவு இருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் மனம் நிறையும் என்கிறார்கள் உளவியலாளர்கள். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் தனியாக உருவாக்கி 2016ல் வெளியிட்ட இந்த விளையாட்டில் மூன்றுமே இருக்கின்றன.

ஆனால் அதிலும் ஒரு தூண்டில் உண்டு. உங்கள் லேப்டாப்பில், கதாபாத்திரம் தூங்கப் போனால்தான் ஆட்டம் சேவ் ஆகும். சேவ் ஆனதுமே விடிந்துவிடும், வயலில் புதிதாக ஏதோ முளைத்திருக்கும். நிறுத்த வேண்டிய இடமும் அடுத்த ஆசை பிறக்கிற இடமும் ஒன்றே! அதனால் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தப் பார்க்காதீர்கள், பாதி நாளில் யாராலும் எழ முடியாது. அங்கே ஒரு நாள் என்பது இங்கே சுமார் 14 நிமிடம். இன்று நாலு நாள் என்று ஆரம்பிக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாலாவது நாள் சேவ் ஆனதும் வயலுக்குப் போகாமல் அப்படியே மூடுங்கள். பதினொரு மணிக்கெல்லாம் படுக்கையில் இருக்க வேண்டும். கேண்டி க்ரஷை இரண்டு வாரம் போனிலிருந்து நீக்கிப் பாருங்கள். தேடவே இல்லை என்றால் அதோடு விட்டுவிடலாம்.

அப்புறம் அந்த வலி. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீர் என்றால், தசைநாண் உறையில் அழற்சியாக இருக்கலாம், டி க்வெர்வைன் என்போம். கட்டைவிரலால் தேய்ப்பதை நிறுத்தி, கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்குகிற ஸ்பிளின்ட் போட்டு ஓய்வு கொடுங்கள். மூன்று வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை எதுவும் தேவையில்லை. நாலு நாள் கணக்கு ஒரு மாதம் முயன்றும் நிற்கவில்லை, வேலையிலும் அடி விழுகிறது என்றால் 14416க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.